வடிகால் இல்லாத கடல்

புதிதாகக் கடல்மீன் தொட்டி வைத்தவர் முதல் வாரம் மீனைப் பார்ப்பார். மூன்றாவது வாரம் பாசியைப் பார்ப்பார். வெள்ளை மணலில் பழுப்பாக ஒரு மெல்லிய படலம் முதலில் தெரியும். கையால் துழாவினால் கலைந்துவிடும். மறுநாள் மாலைக்குள் திரும்ப வந்துவிடும். அது ஓய்வதற்குள் கல்லின் விளிம்புகளில் பச்சை இழைகள் நீளும். அதையும் கிள்ளி முடித்த வேளையில் கருஞ்சிவப்பாக, வழவழவென்று இன்னொன்று மணலை மூடும், உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களோடு. கடைக்காரரிடம் போனால் ஒரு பாட்டில் மருந்து கொடுப்பார். பத்து நாள் தொட்டி பளிச்சென்று இருக்கும். அப்புறம் மறுபடி பாசி.

தஞ்சாவூரில் இந்தத் தொல்லைக்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. இதே மாவட்டத்தில் பாசியைக் காசு கொடுத்து வாங்கி வயலில் தூவுகிறார்கள். நடவு முடிந்த பத்தாம் நாள் ஹெக்டேருக்குப் பத்துக் கிலோ நீலப்பச்சைப் பாசி தூவி, அது பெருகும்படி வயலில் மெல்லிய நீர் கட்டி வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தொட்டிக்காரர் சுரண்டி எறியும் கருஞ்சிவப்புப் படலமும் இந்த வயல்பாசியும் ஒரே பெருங்குடும்பம். பெயரில்தான் பாசி, உண்மையில் இரண்டுமே ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள்.

ஆக, பாசி எல்லாம் ஒன்றல்ல. பழுப்புப் படலம் டயட்டம். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவைக் கொண்டு தன் ஓட்டைக் கட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் உயிர் அது. புதுத் தொட்டியில் சிலிக்கா தீரும்வரை ஆடிவிட்டுப் பெரும்பாலும் தானே அடங்கும். அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. பச்சை இழைகள் டெர்பீசியா, பிரையாப்சிஸ் வகை. வெலோனியா என்றொரு பாசி பச்சைக் கோலிக்குண்டு அளவுக்குக் குமிழ் குமிழாக வளரும். ஒவ்வொரு குமிழும் ஒரே ஒரு செல். கருஞ்சிவப்பு வழுவழுப்பு சயனோபாக்டீரியா. இவை தவிர, பழுப்புச் சளிபோல் இழைந்து தொங்கும் டைனோஃபிளாஜெல்லேட் ஒன்று உண்டு. அதன் கதை பின்னால் வரும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கொழுக்க வைக்கும் என்பதால், முதலில் எது என்று தெரிய வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கி அதற்குப் போதும். பாட்டில் மருந்தின் விலையைவிட அதில் ஒருமுறை பார்ப்பது மலிவு.

எதுவாக இருந்தாலும் அவற்றுக்கு முக்கியத் தேவை மூன்று: வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ். டெல்டா விவசாயி தழைச்சத்து, மணிச்சத்து என்று சொல்வதே பின்னிரண்டும். தொட்டியின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டின் வரவு செலவில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு சென்டிமீட்டர் நீளம், நாற்பது அகலம், ஐம்பது உயரம்: 200 லிட்டர் தொட்டி. நாலைந்து மீன்களுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம் உலர் தீவனம். தீவனத்தில் 45 விழுக்காடு புரதம் என்றால், புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், தினமும் உள்ளே போவது 0.144 கிராம் தழைச்சத்து. கேட்கச் சொற்பம். 120 நாள் கணக்கில் சுமார் 17 கிராம். தொட்டியின் பரப்பு 0.4 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்றினால் 430 கிலோ! காவிரிப் படுகையில் குறுவைக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 150 கிலோ. வரவேற்பறை மூலையில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு நெல்வயலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உரம் விழுகிறது. அதிலும் வயலில் அறுவடை உண்டு. தொட்டியில் அறுவடை செய்வதற்கு மீன் மட்டும்தான், அதை யாரும் அறுவடை செய்வதில்லை.

மீன் தான் தின்ற நைட்ரஜனில் சுமார் கால்வாசியைத்தான் உடம்பில் சேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், மீதி முக்கால்வாசி அம்மோனியாவாகவும் கழிவாகவும் நீரில் இறங்குகிறது. கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பின் நைட்ரேட்டாக்கும். மேலே சொன்ன தொட்டியில் அப்படிச் சேரும் நைட்ரேட் நாளுக்கு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம், வாரத்துக்கு 17. பவளப்பாறை சார்ந்த தொட்டியில் நைட்ரேட் பத்து மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது அனுபவக் கணக்கு. 'வாரம் பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றுகிறேனே!' என்பார் தொட்டிக்காரர். பத்து விழுக்காடு மாற்றினால் பத்து விழுக்காடு நைட்ரேட்தான் வெளியேறும். வாரம் 17 வருகிறது என்றால், வரவும் செலவும் சமமாகும் இடம் 170 மில்லிகிராம் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் மாற்றுவது மட்டுமே போதும் என்ற நம்பிக்கை இந்த ஒரு பெருக்கலில் உடைந்துபோகிறது.

டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் நீர் வர ஒரு வாய்க்கால், போக ஒரு வடிகால். வடிகால் அடைத்துக்கொண்டால் சம்பா அழுகும் என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். கடல்மீன் தொட்டிக்கு வாய்க்கால் இருக்கிறது, தீவன டப்பா என்ற பெயரில். வடிகால் இல்லை. தொட்டி வைப்பவரின் வேலை அதை வெட்டுவதுதான். பாசியைச் சுரண்டுவது அதற்கு அடுத்தது.

நீரிலேயே சத்து கலந்து வருவதை நிறுத்துவது முதல் படி. உரம் விழும் வயல்களுக்கு நடுவில் இறைக்கும் ஆழ்குழாய் நீரில் நைட்ரேட் இருக்கலாம். சிலிக்கா எந்த நிலத்தடி நீரிலும் உண்டு. அதனால்தான் ஆர்.ஓ. கருவியில் வடித்து, அதன் பின் ரெசின் வழியாகவும் அனுப்பிய நீரில்தான் உப்புக் கலக்க வேண்டும் என்கிறார்கள். வேதாரண்யம் பக்கத்திலேயே இருக்க, கடல் உப்பை ஏன் விலை கொடுத்துப் பாக்கெட்டில் வாங்க வேண்டும் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். காரணம் உப்பளத்தின் வேதியியலில் இருக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். அதன் பிறகு படிவதுதான் சோற்றுப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசிவரை படியாமல் கசப்பு நீராக நின்று, வெளியேற்றப்படும். லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் 410 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. வேதாரண்யத்து உப்பைக் கரைத்தால் உவர்ப்பு வரும், கடல் வராது.

நேராகக் கடல்நீரையே கேனில் பிடித்து வரலாமே? வரலாம், இடமும் பருவமும் பார்த்து. முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறும் கோரையாறும் வந்து விழுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் வடிகால்கள் பலவும் வயலின் உரத்தைக் கரைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போய்ச் சேரும். உப்பும் வெகுவாக இறங்கியிருக்கும். கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1961ல் தொடங்கிய கடல் உயிரியல் உயராய்வு மையம், வெள்ளாற்றுக் கழிமுக நீரைக் கொண்டே செபே என்ற கோமாளிமீன் இனத்தைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது. இதுபோன்ற குஞ்சுப் பொரிப்பகங்களில் ஒரு முரண் உண்டு. குஞ்சுக்குத் தீனி ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு. ரோட்டிஃபருக்குத் தீனி நுண்பாசி. ஒரு தொட்டியில் பாசியை உரம் போட்டுப் பச்சைப் பசேலென்று வளர்ப்பார்கள், அடுத்த தொட்டியில் அதே பாசி கண்ணாடியில் ஒட்டினால் தேய்ப்பார்கள்.

சரி, இரண்டு சத்துகளில் எதை முதலில் பிடிப்பது? 1973ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஏரியியல் அறிஞர் இதைக் கண்ணால் காணும்படி செய்தார். 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இருபுறமும் கரிமமும் நைட்ரஜனும் கொட்டினார்கள். ஒருபுறம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். மேலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாக நுரைத்திருந்தது, மறுபாதி கருநீலமாகவே கிடந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க உலகம் முழுக்க எழுந்த சட்டங்களுக்கு அந்த ஒற்றைப் படம் பெரிய சாட்சி ஆனது.

நைட்ரஜனை மட்டும் வடித்தால் ஏன் போதாது என்பதற்கு விடை நெல்வயலில் இருக்கிறது. 1939ல் பி.கே. டே என்ற இந்திய அறிவியலாளர், உரமே போடாத நெல்வயல்கள் ஆண்டுக்கு ஆண்டு விளைவதற்கு அங்குள்ள நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதே காரணம் என்று நிறுவினார். ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு இருபது முப்பது கிலோ தழைச்சத்து வரை அது சேர்க்கக்கூடும். அந்த வித்தை தெரிந்த சில உறவுகள் கடலிலும் உண்டு. தொட்டியில் நைட்ரேட்டைச் சுழியாக்கி, பாஸ்பேட்டை அப்படியே விட்டால் பச்சைப்பாசி பட்டினி கிடக்கும். சயனோபாக்டீரியாவுக்கோ காற்றையே உண்டு பெருக வழி கிடைக்கும். 'நைட்ரேட் சுத்தமாக இல்லை, ஆனாலும் சிவப்புப் படலம் போகவில்லை' என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுதான் பொருள். கடலின் நுண்ணுயிர்களில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அணுக்கணக்கில் ஏறத்தாழ 16க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்ட் 1930களில் கண்டார். விகிதம் ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்துக்கு ஏற்ற உயிர் ஒன்று காத்திருக்கிறது.

பாஸ்பேட் பிடிவாதக்காரன் வேறு. தொட்டியின் கல் பெரும்பாலும் சுண்ணாம்பு. நீரில் பாஸ்பேட் மிகுந்திருந்த மாதங்களில் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; நீரில் குறைந்ததும் மெல்ல மெல்ல வெளியே விடும். பரிசோதனைக் குழாயில் 'இல்லை' என்று காட்டும்போதே கல்லில் இழைப்பாசி செழிக்கிறது என்றால், ஊறிவரும் பாஸ்பேட்டை நீரில் கலக்குமுன் பாசி வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். இரும்பு ஆக்சைடு குருணையை வடிகட்டியில் இட்டால் அது பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும். நஞ்சை மண்ணிலும் இரும்பு மணிச்சத்தைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறது. வயலில் நீர் கட்டி, மண்ணில் ஆக்சிஜன் அற்றுப்போனால் இரும்பு உருமாறி அந்தப் பிடியை விடுகிறது. நெல்லுக்கு அது யோகம். தொட்டியில் அந்தக் குருணை நீரோட்டம் இல்லாமல் கட்டிதட்டிக் கிடப்பது நல்லதல்ல என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகால் வெட்டும் கருவிகளில் தலையாயது ஸ்கிம்மர். உயரமான குழாயில் மிக நுண்ணிய காற்றுக் குமிழ்களை விடுவார்கள். புரதமும் பிற கரிமப் பொருள்களும் நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. குமிழோடு ஏறி, நுரையாகத் திரண்டு, மேலே உள்ள கிண்ணத்தில் கரும்பழுப்பு நீராக விழும். மழைக்காலத்தில் மெரினாவில் கரை ஒதுங்கும் வெள்ளை நுரையிலும் இந்த இயற்பியல்தான் வேலை செய்கிறது. உப்புநீரில்தான் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் நுண்மையாக நிற்கும் என்பதால் நன்னீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் அவ்வளவாகப் பயன்படாது. அழுகும் முன்பே கழிவை அள்ளிவிடுவது இதன் பலம். ஏற்கெனவே நைட்ரேட்டாக மாறிவிட்டதை இது தொடாது, அது பலவீனம்.

அதற்குப் பாசியையே வேலைக்கு வைக்கலாம். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற கடல் உயிரியலாளர் 1980களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். பவளப்பாறைத் தொட்டியின் நீரை, பலத்த வெளிச்சத்தில் இருக்கும் ஒரு வலைத்திரை மேல் ஓடவிடுவது. திரையில் பாசி மண்டும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுத்துவிடுவது. நீரில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியின் உடம்பாகி வெளியே போய்விடும். இன்றைய தொட்டிக்காரர்கள் அடித்தொட்டியில் கீட்டோமார்ஃபா என்ற நூற்கண்டுப் பாசியை வளர்ப்பதும் இதன் வழிதான். அதற்கு இரவில் விளக்குப் போடுவார்கள்; மேல்தொட்டி இருட்டில் ஆக்சிஜனைச் செலவழிக்கும் நேரத்தில் கீழ்த்தொட்டி அதை ஈடுகட்டும். கீட்டோமார்ஃபா அயல்நாட்டு அபூர்வம் ஒன்றுமில்லை, தமிழ்நாட்டு உப்பங்கழிகளில் தானாக வளர்வது. வேண்டிய இடத்தில் பாசி இருந்தால் வேண்டாத இடத்தில் அதற்குச் சாப்பாடு கிடைக்காது. மற்ற வழிகளைவிட இதில்தான் வேலை குறைவு, கண்ணுக்கும் கணக்குத் தெரியும்: எடுத்த பாசியின் எடைக்கு ஏற்பத்தான் வெளியேறிய சத்து.

இன்னொரு முறை டெல்டாக் கரையில் பெரிய அளவில் நடக்கிறது. 2009ல் வனாமி இறால் வளர்ப்புக்கு இந்தியாவில் அனுமதி வந்தபின் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பண்ணைகளும் அதற்கு மாறின. இறாலும் தீவன நைட்ரஜனில் சுமார் கால்வாசியைத்தான் உடம்பில் ஏற்றுகிறது, மீதி குட்டைக்கு. குட்டை நீர் பச்சை கட்டுவது ஓரளவு நல்லது. அளவு மீறினால் ஒரு மேகமூட்டமான நாளில் பாசி மொத்தமாக மடியும், விடியுமுன் ஆக்சிஜன் விழும், இறால் கரை ஒதுங்கும். அதனால் வெல்லத்தையும் தவிட்டையும் ஈஸ்ட்டோடு புளிக்க வைத்துக் குட்டையில் ஊற்றுகிறார்கள். சர்க்கரையைத் தின்று பாக்டீரியா பெருகும்போது, அதன் உடம்பு கட்ட அம்மோனியா தேவை. பாசிக்குப் போக வேண்டியதை அது பிடுங்கிக்கொள்ளும். ஜெர்மனி, அமெரிக்கத் தொட்டிக்காரர்கள் வோட்காவையும் வினிகரையும் மில்லிலிட்டர் கணக்கில் தொட்டியில் விடுவது இதே சூத்திரம்தான். பெருகிய பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றும். வெல்லம் ஊற்றும் பண்ணையில் ஏரேட்டர் நிற்கக் கூடாது. வினிகர் விடும் தொட்டியிலும் அப்படியே. அளவு கூடினால் நீர் பால்போல் வெளுத்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

பண்ணைக்காரர்கள் செய்து, தொட்டிக்காரர்கள் செய்யாத காரியம் ஒன்று உண்டு. செக் ட்ரே என்ற தட்டில் கொஞ்சம் தீவனம் வைத்து இறக்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் அடுத்த வேளைத் தீவனத்தைக் குறைப்பார்கள். வீட்டுத் தொட்டியில் தீவனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பார்ப்பவரின் பாசம். வடிகாலைப் பெரிதாக்குவதைவிட வாய்க்காலைச் சுருக்குவது எளிது. அதற்கு ஒரு பைசா செலவில்லை என்பதாலோ என்னவோ, அந்த யோசனைக்கு மதிப்பும் இல்லை.

இன்னொரு வழி, பாசியை மேயும் உயிர்கள். அந்த மேய்ச்சல்காரர்களின் பலத்தைக் கடல் ஒருமுறை பாடமாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. 1983 தொடக்கத்தில் பனாமா கரையில் நீண்ட கருமுள் கொண்ட டயடெமா என்ற கடல்முள்ளெலிகள் செத்து விழத் தொடங்கின. ஓராண்டுக்குள் கரீபியக் கடல் முழுக்க நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. ஜமைக்காவில் மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். கடைசி மேய்ச்சல்காரனும் போனான். பாறைகளில் பவளம் பாதிக்கு மேல் இருந்த நிலை மாறி ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 4 விழுக்காடாக இருந்த பாசி 92க்கு ஏறியது. டெரி ஹியூஸ் 1994ல் வெளியிட்ட இந்தக் கணக்கு பவளப்பாறை ஆய்வில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது.

தொட்டியில் அந்த வேலையைச் செய்ய நத்தைகள், துறவி நண்டுகள், பெரிய தொட்டியானால் பாக் நீரிணையில் ஓரா என்று பிடிபடும் முயல்மீன் இனங்கள் இருக்கின்றன. ஆனால் மேய்ச்சலும் வடிகால் ஆகிவிடாது. நத்தை தின்ற பாசி கழிவாகி மறுபடி நீருக்குத்தான் வருகிறது. இளம் பாசியை அது வளரவிடாமல் வைக்கும், அவ்வளவே. இந்தியாவில் சட்டமும் பார்க்க வேண்டும். உயிருள்ள பவளக் கற்களோடுதான் தொட்டி தொடங்க வேண்டும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். இங்கே கடின பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பாசி தின்பதில் பேர்போன சங்கு இனங்களில் ட்ரோக்கஸ் நைலோட்டிகஸ், டர்போ மார்மொராட்டஸ் இரண்டும் அதே சட்டத்தின் பட்டியலில் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து கல்லும் சங்கும் கொண்டு வந்து தருவதாக யாராவது சொன்னால், அது குற்றத்துக்கு அழைப்பு. அதனால் இந்தியத் தொட்டி செயற்கைக் கல்லோடு, வெறும் மேற்பரப்போடு தொடங்குகிறது. இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்து இடம்பிடிக்கும்வரை அந்த வெற்றிடத்துக்கு முதலில் வருபவை தொல்லைப் பாசிகளே. முதல் ஆறேழு மாதம் இங்கே பொறுமை அதிகம் தேவைப்படுவதற்கு இது காரணம்.

மருந்துக்கு வருவோம். நெல்வயலில் பாசி அடர்ந்து இளம் நாற்றை அமுக்கினால், மயில்துத்தத்தைத் துணியில் கட்டி மடைவாயில் வைக்கும் பழக்கம் உண்டு. நீர் கரைத்துக்கொண்டு போகும் செம்பு பாசியைக் கொல்லும். கடல்தொட்டியில் அது கூடவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் செம்பின் மிகச் சிறு அளவைக்கூடத் தாங்காதவை. போதாக்குறைக்குச் சுண்ணாம்புக் கல் செம்பையும் உறிஞ்சிவைத்து மாதக்கணக்கில் கசியவிடும். சிவப்புப் படலத்துக்கு எரித்ரோமைசின் போடுகிறவர்கள் உண்டு. அது பாக்டீரியா ஆயிற்றே, போகத்தான் செய்யும். கூடவே அம்மோனியாவைச் சமாளிக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அடிபடலாம். மருந்தை எதிர்க்கும் கிருமிகள் உருவாக வீட்டு வரவேற்பறையும் ஒரு இடமாகும். மூன்று நாள் தொட்டியைப் போர்த்தி இருட்டாக்கும் முறையில் ரசாயனம் இல்லை, ஆபத்து உண்டு. மொத்தமாக மடியும் பாசி அழுகும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும். 28 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் தாங்குவதே லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான். தஞ்சாவூர் சித்திரையில் அதுவும் குறையும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் கடலையே பச்சையாக்கியபோது இதுதான் நடந்தது. மண்டபத்துக்கு அருகே மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிள் தீவைச் சுற்றிய பவளங்கள் ஆக்சிஜன் இன்றி மாண்டன.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழிக்கு இறங்கிய தொட்டிக்கு வருவதுதான் முன்பு சொன்ன டைனோஃபிளாஜெல்லேட். பகலில் பழுப்புச் சளியாகக் குமிழ்களோடு தொங்கும், இரவில் காணாமல்போகும், காலையில் திரும்பும். ஆஸ்ட்ரியாப்சிஸ் வகையானால் நஞ்சும் உண்டு, மேய்ந்த நத்தைகள் சாகும். போட்டிக்குப் பச்சைப்பாசியோ பாக்டீரியாவோ இல்லாத வறண்ட நீரில் இது கொடி நாட்டுகிறது. வைத்தியம், நம்பக் கடினமாக இருந்தாலும், உரம் போடுவதுதான்: நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சிறிது ஏற்றி, மற்ற உயிர்களைப் போட்டிக்குக் கூப்பிடுவது. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீருக்குள் நீந்தி எழுவதால் புற ஊதா விளக்கு அதற்கு உதவும். மணலுக்குள் ஒளியும் ஆம்ஃபிடினியத்துக்கு அந்த விளக்கால் பயனில்லை. பாஸ்பேட் லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம், நைட்ரேட் இரண்டு முதல் பத்து என்று அனுபவசாலிகள் ஓர் இடைவெளி சொல்வது இதனால்தான். சுழி என்பது இலக்கு அல்ல.

வடித்த நீர் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பழைய தஞ்சை மாவட்டக் கடற்கரையில் 1990களில் இறால் பண்ணைகள் பெருகி, கழிவுநீர் வாய்க்காலிலும் வயலிலும் இறங்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபு முறை அல்லாத பண்ணைகளைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005ல் வந்தது. ஐந்து ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் கழிவுநீரைச் சுத்திகரித்தே வெளியே விட வேண்டும் என்று விதியானது. வீட்டுத் தொட்டியின் இருபது லிட்டர் இதற்கு முன் தூசு. ஆனால் அதில் உயிர் இருக்கிறது.

1984ல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் ஜன்னலுக்குக் கீழே, மத்தியதரைக் கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி காணப்பட்டது. தொட்டிகளுக்கு அழகுக்காக வளர்த்த வகை அது. அங்கிருந்து அது பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. 2000ல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் காயலில் அதைக் கண்டதும் அதிகாரிகள் தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரினைச் செலுத்திக் கொன்றார்கள். முழுதும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று, செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. கராஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக மண்டபம் பகுதியில் வளர்க்க வந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்துவிட்டதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பதிவு செய்தார்கள். வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்குகிறது. கிள்ளி விடுபட்ட துண்டு மறுபடி தழைக்கிறது.

ஆகவே தொட்டியில் கிள்ளிய பாசியைக் கழிநீர்த் தொட்டியிலோ வடிகாலிலோ போடாமல், நல்ல தண்ணீரில் அலசி உப்பு நீக்கி, மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவைத்து, பின் குப்பைக்குழியில் எருவோடு சேர்க்கலாம். நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் மாதிரி வடிகால் நேரே உப்பங்கழிக்குப் போகும் ஊர்களில், மாற்றிய தொட்டிநீரையும் ஒரு வாளியில் பிளீச்சிங் தூள் கலந்து ஒருநாள் வைத்திருந்து ஊற்றுவது நல்லது. தஞ்சாவூரில் கவலை வேறு: இருபது லிட்டர் கடல்நீரில் 700 கிராம் உப்பு இருக்கிறது, அதைத் தென்னைக்கோ செடிகளுக்கோ ஊற்றக் கூடாது.